எள் தெளித்த முகம்

என் சீட்டில் அறுபத்தி நாலு என்று எழுதியிருக்கிறது, உள்ளே இப்போதுதான் முப்பத்தொன்று போயிருக்கிறது, அப்படியென்றால் இன்னும் முப்பத்து மூன்று பேர், ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்றாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல். இந்தப் பெஞ்சில் எல்லோரும் இடம் விட்டு உட்காருகிறோம். கண் டாக்டர் வரிசையிலும் பிள்ளைகள் வார்டிலும் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுகிறார்கள், இங்கே தோல் டாக்டர் அறைக்கு வெளியே மட்டும் இரண்டு பேருக்கு நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாகக் கிடக்கிறது. நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர் இரண்டு கையையும் துண்டுக்குள் சுருட்டி வைத்திருக்கிறார். நான் முந்தானையை இழுத்து வலது கன்னத்தை மூடியிருக்கிறேன். அவர் கையை நான் பார்க்கவில்லை, என் கன்னத்தை அவர் பார்க்கவில்லை, அதில் ஒரு மரியாதை இருப்பது போல இரண்டு பேரும் எதிர்ச் சுவரைப் பார்க்கிறோம். சுவரில் தொழுநோய் பற்றி ஒரு படம். கன்னம் எரிகிறது. காலையில் பச்சைத் தண்ணீர் பட்டாலே எரிந்தது. தினமும் போடுகிற க்ரீமை இன்று போடவில்லை, போட்டுக்கொண்டு டாக்டரிடம் வந்தால் என்ன தெரியும் என்று போடாமல் வந்தேன், ஒரே ஒரு வேளைதான் போடவில்லை, அதற்கே சீரகம் தாளித்த எண்ணெய் தெறித்தது போல இருக்கிறது. நான் வேலை பார்க்கிற ஜவுளிக்கடையில் இந்நேரம், பத்து மணிக்கு, பெருக்கி முடித்து சாமிக்குச் சூடம் காட்டியிருப்பார்கள். அரை நாள் லீவு கேட்டபோது சூப்பர்வைசர் ஆதிநாராயணன் எதற்கு என்று கேட்கவில்லை. முன்னெல்லாம் கேட்பார். பட்டு செக்‌ஷனில் நான் இருந்தபோது ஒரு மணி நேரம் நான் இல்லாவிட்டால் கூட மாடிப்படியில் இறங்கி வந்து, “வடிவக்கா எங்க, வடிவக்கா எங்க” என்று தேடுவார். சண்முகவடிவு என்று பெயர் வைத்தது அப்பா. வடிவு என்றால் அழகு. பள்ளிக்கூடத்தில் யாரும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, எள்ளுருண்டை என்றார்கள்.

எனக்குத் தெரிந்த நாளிலிருந்து இந்தப் புள்ளிகள் உண்டு. மூக்குத் தண்டின் மேல் தொடங்கி இரண்டு கன்னத்துக்கும் இறங்கி, ஈர மாவில் எள்ளைத் தெளித்தது மாதிரி. அப்பாவுக்கும் இருந்தது. அப்பா லோடு ஆட்டோ ஓட்டியவர், வெயிலில் கறுத்துப்போன முகத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை, ஆம்பிளை முகத்தில் யார் எண்ணிப் பார்க்கிறார்கள். என் முகம் அம்மாவைப் போல வெளுப்பு. வெளுத்த முகம் என்று கொண்டாடின அதே ஆட்கள்தான், பிள்ளை வெளுப்புதான், ஆனா முகமெல்லாம் பொட்டுப் பொட்டா இருக்கே என்று ஒரு ஆனாவைப் போட்டார்கள். அம்மா ஜாதிக்காயைப் பாலில் உரசிப் பூசினாள். அது ஐப்பசி மாசம். மழை பிடித்துப் பதினைந்து நாள் வெயிலே இல்லை, கார்த்திகையில் கண்ணாடியில் பார்த்தால் புள்ளிகள் பாதி மறைந்திருந்தன, அம்மா ஜாதிக்காயைத் தெருவுக்கே சிபாரிசு செய்தாள். பங்குனியில் எல்லாம் திரும்பி வந்தன. அடுத்த வருஷம் உருளைக்கிழங்குச் சாறு, அதுவும் மழைக்காலத்தில் வேலை செய்தது, சித்திரையில் தோற்றது. எலுமிச்சம்பழத்தைச் சீனியில் தொட்டுத் தேய்த்தேன், தோல் உரிந்து, உரிந்த இடம் இன்னும் கறுத்தது. கஸ்தூரி மஞ்சள், பப்பாளி, கற்றாழை, நாகர்கோவிலிலிருந்து வந்த ஒரு கஸ்டமர் சொன்ன கருஞ்சீரகம், யூடியூப்பில் ஒரு அம்மா ரெண்டே வாரத்தில் என்று சிரித்துக்கொண்டே சொன்ன அதிமதுரம். இருபது வருஷம் ஆயிற்று, வெயிலுக்கு வருகிறது, மழைக்குப் போகிறது என்று எனக்குப் புரிய. புரிந்த பிறகும் பூசுவதை நிறுத்தவில்லை. சாயங்காலம் வேலை விட்டு வந்து எதையாவது குழைத்துப் பூசி அது காய்கிற வரைக்கும் பேசாமல் உட்கார்ந்திருப்பதில் ஒரு ஆறுதல் இருந்தது. பேச ஆள் இல்லாததற்கு அது ஒரு காரணம் மாதிரி. முகத்தில் பூசியிருக்கிறேன், அதனால் பேசவில்லை.

“முப்பத்தி அஞ்சு!” வாசலில் நிற்கிற ஆயா கூப்பிட்டாள். ஒரு தகப்பனும் காலேஜில் படிக்கிற மகளும் எழுந்து போகிறார்கள். மகளுக்கு முகமெல்லாம் பரு. அவளுடைய அப்பா அவள் தோளில் கை வைத்துக் கூட்டிப் போகிறார், கூட்டத்தில் வழி விடச் சொல்லி மற்றக் கையை நீட்டிக்கொண்டு. எனக்கு வந்த மாப்பிள்ளைகள் நாலு பேர். புள்ளியைப் பார்த்து வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, ஜாதகம் என்றார்கள், தூரம் என்றார்கள். அப்பா போன பிறகு அம்மா படுத்துவிட்டாள், அப்புறம் நானே வேண்டாம் என்றேன். அண்ணன் தூத்துக்குடியில் இருக்கிறான், பொங்கலுக்குக் கூப்பிடுவான். அம்மா இரண்டு வருஷம் ஒரு பக்கம் விழுந்து கிடந்தாள். பேச்சு போய்விட்டது, கண் மட்டும் இருந்தது. காலையில் வெந்நீரில் துணி நனைத்து அவள் முகத்தைத் துடைப்பேன், துடைக்கிற நேரம் முழுக்க என் முகத்தைப் பார்ப்பாள், ஒவ்வொரு இடமாக, விட்டுப்போன வரியைப் படிக்கிற மாதிரி. எனக்குக் கோபம் வரும். என்னம்மா அப்படிப் பாக்க, மூடு கண்ண, என்று சொல்லியிருக்கிறேன். அவள் போய் நாலு வருஷம். இந்த நாலு வருஷத்தில் என் முகத்தை அவ்வளவு நேரம் யாரும் பார்க்கவில்லை. கடையில் ஒரு நாளைக்கு நூறு பேர் பார்ப்பார்கள், ஆனால் அவர்கள் பார்ப்பது சேலையை. நான் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு பெரிய கண்ணாடி முன் நிற்பேன், அவர்கள் கண் கரையிலிருந்து முந்திக்கு ஓடும், முந்தியிலிருந்து கரைக்கு ஓடும், நடுவில் என் முகம் ஒரு ஆணி மாதிரி, சேலை தொங்குவதற்கு. அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. பதினாலு வருஷம் அப்படி நின்றேன். சேலையை மடிப்பு வைத்துத் தோளில் போடுகிற கை எனக்கு, ஒரே வீச்சில் விழும்.

இரண்டு வருஷம் முன்னால், ஆவணி முகூர்த்தத்துக்கு, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம். பச்சைப் பட்டு, அரக்குக் கரை. நான் போட்டுக் காட்டினேன். பெண்ணின் அம்மா சேலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் சேலையைப் பார்த்தாள். “கலர் எடுக்க மாட்டேங்குதே,” என்றாள். பிறகு என்னிடம் இல்லை, எனக்குப் பின்னால் நின்ற ஆதிநாராயணனிடம், “அந்தப் பிள்ளைகிட்டப் போட்டுக் காட்டச் சொல்லுங்க,” என்று கையை நீட்டினாள். அந்தப் பிள்ளை ஜெபக்கனி. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம், இருபத்திரண்டு வயசு, நான்தான் அவளுக்கு மடிப்பு வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். என் தோளிலிருந்து சேலையை எடுத்து அவள் தோளில் நானே போட்டேன். மடிப்பு கலையாமல் இருக்க வேண்டுமே என்று பார்த்துப் பார்த்துப் போட்டேன். “இதான், இதான்,” என்று பெண்ணின் அம்மா கையைத் தட்டினாள். அதே சேலை. அன்றைக்குச் சாயங்காலம் கை கழுவுகிற இடத்தில் ஜெபக்கனி வந்து பக்கத்தில் நின்றாள். அவளால் என்னைப் பார்க்க முடியவில்லை, குழாயைப் பார்த்துக்கொண்டே, “எக்கா, ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டீகளே, நான் இதத்தான் போடுதேன், மெடிக்கல்ல கேட்டாலே தருவான்,” என்று ஒரு சின்ன ட்யூபை என் கையில் வைத்தாள். பாதி தீர்ந்த ட்யூப், அடியிலிருந்து ஒழுங்காகச் சுருட்டியிருந்தது. அதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. இல்லை. அதை நான் நூறு தடவை யோசித்துவிட்டேன். அவள் தன்னுடையதில் பாதியைக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

பதினைந்து நாளில் முகம் மாறியது. பொய் சொல்லக் கூடாது, மாறியது. புள்ளிகள் பாலில் விழுந்த தூசி மாதிரி மங்கி, ஒரு மாசத்தில் தேடினால்தான் தெரிந்தன. தோல் மினுங்கியது. பஸ்ஸில் எனக்கு இடம் கொடுத்தார்கள், அது வயசுக்காகக்கூட இருக்கலாம், ஆனால் நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஆதிநாராயணன், “என்ன வடிவக்கா, ஆளே மாறிட்டிய,” என்றார். ஜெபக்கனி தூரத்திலிருந்து கண்ணடித்தாள், எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். எனக்கு ஒரு தங்கை இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். மதியச் சாப்பாட்டில் அவள் டப்பாவில் இருக்கும் மீன் குழம்பு வாசம் எனக்கு ஆகாது, ஆனாலும் பக்கத்தில்தான் உட்காருவேன். ஆறு மாசம் கழித்து, போதும் என்று நிறுத்தினேன். மூன்றாம் நாள் முகம் சிவந்து எரிந்தது. மறுபடி போட்டேன், அடங்கியது. அப்படியே பிடித்துக்கொண்டது. ஒரு வேளை தப்பினால் எரியும், போட்டால் அடங்கும். இந்தப் புரட்டாசியில் கன்னத்தில் சிவப்புச் சிவப்பாக நரம்பு ஓடியது, தாடையில் பூனைமுடி கறுத்தது, பழைய புள்ளிகள் எல்லாம் ஒன்றோடொன்று கைகோத்துத் திட்டாகத் திரும்பி வந்தன. பவுடரை அப்பினேன். வியர்வையில் பவுடர் வழிந்து திட்டு இன்னும் தெரிந்தது. போன மாசம் ஆதிநாராயணன் ரொம்ப மரியாதையாகச் சொன்னார். “கீழ லைனிங் செக்‌ஷன்ல அனுபவமுள்ள ஆள் இல்லாம திண்டாட்டமா இருக்கு, வடிவக்கா.” படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது லைனிங் துணி. அங்கே கண்ணாடி கிடையாது. உள்ளே தைக்கிற துணிக்குக் கண்ணாடி எதற்கு. பட்டு செக்‌ஷனில் பெரிய கண்ணாடி முன்னால் இப்போது ஜெபக்கனி நிற்கிறாள். கீழே இறங்கிய முதல் நாள் படியில் எதிரே வந்தாள், “எக்கா,” என்றாள், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. தை மாசம் அவளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை நாசரேத்து, இதெல்லாம் லிஃப்ட் ஓட்டுகிற அண்ணாச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“நாப்பத்தி ரெண்டு!” பெரியவர் எழுந்து போகிறார். துண்டை எடுக்கும்போது அவருடைய விரல்களைப் பார்த்துவிட்டேன், வெண்மையாகச் செதில் செதிலாக. பார்த்ததை அவரும் பார்த்தார். பார்த்துவிட்டேன். அன்றைக்கும் அப்படித்தான் பார்த்துவிட்டேன், சாப்பாட்டு அறையில். அதை இப்போது நினைக்க வேண்டாம். டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று யோசிப்போம். எப்போதிலிருந்து, என்ன போட்டேன், ட்யூபைக் காட்ட வேண்டும், பையில் இருக்கிறதா, இருக்கிறது. ட்யூபின் பெயரைச் சொன்னால் யார் கொடுத்தது என்று கேட்பார்களா. கேட்டால் மெடிக்கலில் என்று சொல்லலாம். பொய் இல்லை. ஜெபக்கனி பெயர் எதற்கு. இரண்டு வாரம் முன்னால், செவ்வாய்க்கிழமை, நான் மூலையில் தயிர்ச்சோறு தின்றுகொண்டிருந்தேன், அவள் எதிர் வரிசையில் தனியாக. ஃப்ரிட்ஜிலிருந்து குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். குடிக்கவில்லை. அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் கன்னத்தில் வைத்தாள். கண்ணை மூடினாள். பவுடர் ஈரத்தில் கரைந்த இடத்தில் சிவப்பு தெரிந்தது, எனக்கு முதலில் தெரிந்த அதே சிவப்பு, அதே இடம், காதுக்கு முன்னால். நான் என்ன செய்தேன். எழுந்து போனேனா. அவளிடம், ஏளா, அதப் போடாத, என் முகத்தப் பாரு என்று சொன்னேனா. தயிர்ச்சோற்றைத் தின்றேன். தின்றேன் என்பதல்ல, ருசித்துத் தின்றேன். வயிற்றுக்குள் ஏதோ குளிர்ந்து இறங்கியது. உனக்கும் வரட்டும். இப்படி முழுசாக அந்த வார்த்தையை நான் நினைத்ததை இன்றைக்குத்தான் ஒத்துக்கொள்கிறேன், அன்றைக்கு அதற்கு வார்த்தை இல்லை, தயிர்ச்சோறு நன்றாக இருந்தது, அவ்வளவுதான் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவள் படியேறும்போது முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்தேன், கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா. கூடிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு வெளுக்க வேண்டும் என்று இரண்டு வேளையாகப் போடுகிறாள் போல. பதினாலு நாள். ஒரு வார்த்தை போதும். பதினாலு நாளும் அந்த ஒரு வார்த்தை என் வாயில் இருந்தது, பூசியது இன்னும் காயாதவள் மாதிரி நான் பேசாமல் இருந்தேன்.

“அறுபத்தி நாலு! அறுபத்தி நாலு யாரு, காது கேக்காதா!” எழுந்தேன். கால் மரத்திருந்தது. உள்ளே டாக்டரம்மா சின்னப் பெண், முப்பதுகூட இருக்காது, மேஜையில் ஆறிப்போன டீ. நிமிராமல், “சொல்லுங்கம்மா,” என்றாள். நான் ட்யூபை மேஜையில் வைத்தேன். அவள் எழுதுவதை நிறுத்தி அதைப் பார்த்தாள். “எத்தனை நாளா?” “ரெண்டு வருசம்.” “தினமுமா?” “தினமும்.” திட்டுவாள் என்று பார்த்தேன். எழுந்து வந்தாள். “முந்தானையை எடுங்க. இப்படி ஜன்னல் பக்கம் திரும்புங்க,” என்று சொல்லி இரண்டு விரலால் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். விரல் குளிர்ச்சியாக இருந்தது. ஒரு லென்ஸை எடுத்து அவள் முகத்தை என் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். மூச்சு படுகிற தூரம். நெற்றியில் தொடங்கி, மூக்கு, இடது கன்னம், வலது கன்னம், காதோரம், தாடை, ஒன்றையும் விடாமல், அவசரப்படாமல். வெளியே அறுபத்தி அஞ்சு முணுமுணுத்தது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது. “வலிக்குதா?” என்றாள். “இல்லைம்மா.” “எரிச்சலா?” “ஆமாம்மா,” என்றேன், அதையாவது சொல்ல வேண்டுமே. தாடையை விட்டாள். “இந்தச் சின்னப் புள்ளி எல்லாம் சின்ன வயசுல இருந்தே இருக்கா?” “ஆமா. எங்கப்பாவுக்கும் உண்டு.” “அது ஒண்ணும் பண்ணாதும்மா. வியாதி இல்ல. வெயில் பட்டா கறுக்கும், படலைன்னா வெளுக்கும். அதை அப்படியே விட்டிருந்தா இன்னைக்கு நீங்க இங்க வந்திருக்கவே வேண்டாம். இந்தச் சிவப்பு, இந்தத் திட்டு, முடி, எல்லாம் இந்த க்ரீம் பண்ணினது. இதுல ஸ்டீராய்டு இருக்கு. இனிமே தொடக் கூடாது.” போய்விடுமா என்று கேட்டேன். “நாளாகும். ஆறு மாசம், ஒரு வருஷம். முழுசாப் போகும்னு சொல்ல மாட்டேன், குறையும். முதல் ரெண்டு மூணு வாரம்தான் கஷ்டம், இப்போ இருக்கிறதைவிடச் சிவக்கும், எரியும். பயந்துபோய்த் திரும்பப் போட்டுடுவாங்க, எல்லாரும் அந்த இடத்துலதான் விட்டுடுறாங்க. வீட்டுல யார் இருக்கா? யார்கிட்டயாவது ட்யூபை ஒளிச்சு வைக்கச் சொல்லுங்க.” நான் ட்யூபைப் பார்த்தேன். அண்ணன் என்று வாயில் வந்தது. “யாரும் இல்லம்மா,” என்றேன். அவள் ட்யூபை எடுத்துத் தன் காலடியில் இருந்த குப்பைக் கூடையில் போட்டாள். “சரி, பதினஞ்சு நாள் கழிச்சு வந்து எங்கிட்ட முகத்தைக் காட்டுங்க. வெயில்ல நிக்காதீங்க. அறுபத்தி அஞ்சு.”

மருந்து கொடுக்கிற ஜன்னலில் வெள்ளைக் களிம்பும் மாத்திரையும் தந்தார்கள். வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது பதினொன்று இருபது. கடையில் இப்போது டீக்கு விடுவார்கள், காலையில் வாங்கி வைத்த ஃபோனைக் கால் மணி நேரம் கையில் தருவார்கள். வீட்டுக்குப் போய் மத்தியானம் லைனிங் செக்‌ஷனுக்குப் போகலாம். ஜெபக்கனி பெரிய பெண், அவளுக்குத் தெரியாதா, அவளுக்குச் சொல்ல அம்மா இருக்கிறாள், மாப்பிள்ளை இருக்கிறான், குப்பைக் கூடையில் போட ஆள் இருக்கிறது. இப்படி நினைத்துக்கொண்டே அவள் நம்பரைத் தேடி எடுத்துவிட்டேன். ஒரே மணியில் எடுத்தாள். “எக்கா?” என்றாள், குரல் பயந்து கிடந்தது. நான் என்ன சொல்வது என்று யோசித்து வைக்கவில்லை. “ஏளா, அந்த க்ரீம நீ இப்பமும் போடுதியா?” என்றேன். அந்தப் பக்கம் டம்ளர் கழுவுகிற சத்தம் கேட்டது. “எரியுதாட்டி?” என்றேன். “எரியுதுக்கா,” என்றாள், அவ்வளவு மெதுவாக. “ஒரு மாசமா. அம்மாகிட்டச் சொல்லல. மாப்பிள்ள வீட்ல தெரிஞ்சா என்ன நெனப்பாவளோன்னு இன்னும் கூடப் போட்டேன்.” மூக்கை உறிஞ்சினாள். நான் சொன்னேன். சொல்லாவிட்டால் இனிமேல் சொல்லவே மாட்டேன் என்று தோன்றியது. “ரெண்டு வாரம் முந்தியே நான் பாத்தேன். பாட்டில கன்னத்துல வச்சிருந்தல்லா, அன்னைக்கு. பாத்துட்டுச் சும்மா இருந்தேன்.” “தெரியும்க்கா,” என்றாள் ஜெபக்கனி. “நீங்க பாத்தத நானும் பாத்தேன்.” கோபமாக ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். “எழுந்திரிச்சு வந்து கேக்கணும்னுதான் இருந்துச்சு. நான் குடுத்ததுனாலதான ஒங்களுக்கு இப்படி ஆச்சு, எந்த மூஞ்சிய வச்சுட்டுக் கேக்க,” என்றாள்.

பதினொன்று இருபத்தைந்து. “இங்கன பெரியாஸ்பத்திரியில பன்னெண்டு மணி வரைக்கும் சீட்டுக் குடுப்பாவ,” என்றேன். “சூப்பர்வைசர் விட மாட்டாரேக்கா.” “வயித்து வலின்னு சொல்லு. அதுக்கு மேல கேக்க மாட்டாரு. முகத்தக் கழுவிட்டு வா, பவுடர் போடாத, டாக்டரம்மா வெளிச்சத்துல வச்சுப் பாப்பாவ.” “நீங்க இருப்பீகளா?” “இருக்கேன்.” “பவுடர் இல்லாம பஸ்ஸுல எப்படிக்கா வர,” என்றாள், சின்னப் பிள்ளை மாதிரி. “நான் அப்படித்தாம்ளா வந்தேன்,” என்றேன். வாரேன் என்று வைத்துவிட்டாள். கேட்டுக்கு வெளியே வந்து பஸ் நிற்கிற பக்கம் பார்த்து நின்றேன். வேப்பமரத்து அடியில் நிழல் இருந்தது, அங்கே ஏற்கெனவே இருபது பேர். அந்தக் கூட்டத்தில் நின்றால் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவளுக்கு என்னைத் தெரியாது, உள்ளே தனியாகப் போகப் பயந்து திரும்பினாலும் திரும்பிவிடுவாள். வெயிலில் நிற்காதே என்று டாக்டரம்மா சொல்லி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முந்தானையை எடுத்துத் தலைக்கு மட்டும் போட்டுக்கொண்டு, முகத்தை மூடாமல், கேட்டுக்கு முன்னால் வெயிலில் வந்து நின்றேன்.